மவுஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்

அறுபதைத் தாண்டியவர்களுக்கான கணினி, அறிவியல் வகுப்புகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் கையால் எழுதியவை, அதிலும் சில அவ்வளவு அழகான கையெழுத்து. பன்னிரண்டு வருடமாக இந்த வயதுக்காரர்களோடுதான் என் வகுப்பு நடக்கிறது என்பதால் பல கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. சில என்னையே உட்கார்ந்து யோசிக்க வைத்தன. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 67 வயது. கணினி வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வகுப்பில் எல்லாம் புரிகிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்றுமே ஞாபகம் வருவதில்லை. ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிறேன், இது மூன்றாவது நோட்டு. எனக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, அந்தப் பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறந்து போகிறது என்று பொறுமையாக அளந்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தச் சோதனைகளைச் செய்யத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயதுதான்! புதிதாகக் கற்றதை, அதுவும் வேறு எதனோடும் ஒட்டாத ஒன்றை, மறுபடி தொடாமல் விட்டால் யாருக்கும் மறக்கும். நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை வகுப்புக்குப் போய்விட்டு அடுத்த வாரம் வரை கணினியைத் திறக்காமல் இருந்தால், உங்கள் பக்கத்தில் இருபது வயதுப் பையனை உட்கார வைத்தாலும் அவனுக்கும் இதே கதிதான்.

வயதானால் புதியதைப் பிடித்துக்கொள்ள நேரம் கூடுதலாக ஆகும், அது உண்மை. ஆனால் ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை முடிச்சுப் போடுகிற திறமை எளிதில் போவதில்லை, அதற்கு உங்களிடம் சரக்கும் நிறைய இருக்கிறது. அதனால் வகுப்பு முடிந்த அன்று இரவே பத்து நிமிடம், இரண்டு நாள் கழித்து பத்து நிமிடம், அடுத்த வகுப்புக்கு முந்தைய நாள் பத்து நிமிடம் என்று உட்காருங்கள். உட்காரும்போது நோட்டை மூடி வையுங்கள். முதலில் நீங்களாக முயற்சி செய்து, தடுமாறி, அப்புறமும் வரவில்லை என்றால்தான் நோட்டைத் திறக்க வேண்டும். அந்தத் தடுமாற்றம்தான் மூளையில் பதிய வைக்கிறது. பார்த்துப் பார்த்துச் செய்தால் எத்தனை முறை செய்தாலும் கை மட்டும்தான் ஓடும்.

உங்கள் நோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு அம்மா அழகாகக் கோடு போட்டு, "மேலே வலது மூலையில் நீலப் பொத்தானை அழுத்தவும்" என்று எழுதி வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அந்தச் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. நீலப் பொத்தான் பச்சையாகிக் கீழே இறங்கிவிட்டது. அந்த அம்மா நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் இடத்தையும் நிறத்தையும் எழுத வேண்டாம், நோக்கத்தை எழுதுங்கள் என்று சொல்லி வருகிறேன். "இந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும், அதற்கு 'பகிர்' என்ற சொல்லையோ வெளியே போகிற அம்புக்குறியையோ தேட வேண்டும்" என்று எழுதுங்கள். பொத்தான் எங்கே ஓடினாலும் அந்தக் குறிப்பு செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளிலும் செல்லும்.

கணினி வகுப்பு தவிர்த்து மற்ற இடங்களிலும், பழக்கமான வழி, தினமும் செய்கிற வேலை, நெருங்கியவர்கள் பெயர் என்று தடுமாற்றம் வந்தால் மட்டும் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். பாஸ்வேர்டு மறந்ததற்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி: தொடுதிரையில் என் விரலை வைத்தால் சில சமயம் ஒன்றுமே நடப்பதில்லை, சில சமயம் சம்பந்தமே இல்லாத ஏதோ பெட்டி திறக்கிறது. என் மகள் தொட்டால் உடனே வேலை செய்கிறது. மவுஸிலும் டபுள் கிளிக் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கு இதெல்லாம் ராசி இல்லையா?

ராசி எல்லாம் ஒன்றும் இல்லை ஐயா, இது இயற்பியல். இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திகள் வலைபோல ஓடுகின்றன, அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய மின்புலம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விரல் அருகே வந்ததும் அந்தப் புலம் கலைகிறது, எங்கே கலைந்தது என்று கணக்குப் போட்டுத்தான் திரை உங்கள் தொடுதலை அறிகிறது. வயதாக ஆக விரல் நுனித் தோல் காய்ந்துபோகிறது. வருடக்கணக்கில் கைவேலை செய்தவர்களுக்குத் தோல் தடித்தும் இருக்கும். காய்ந்த தடித்த தோலால் புலம் குறைவாகத்தான் கலையும், திரைக்கு நீங்கள் தொட்டதே தெரியாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாக அழுத்துகிறோம். அழுத்திக்கொண்டே இருக்கும்போது நேரம் நீள்கிறது, திரை அதை "நீண்ட தொடுதல்" என்று எடுத்துக்கொண்டு வேறொரு பெட்டியைத் திறக்கிறது. உங்களுக்கு நடப்பது இதுதான்.

கைக்கு ஈரப்பதம் தரும் கிரீம் கொஞ்சம் தடவி, அது ஊறிய பிறகு தொட்டுப் பாருங்கள். நக நுனியால் குத்தாமல் விரலின் சதைப் பகுதியால் தொட்டு உடனே எடுங்கள். போனின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்று ஒரு பகுதி இருக்கும், ஆங்கிலத்தில் ஆக்சஸிபிலிட்டி. அதற்குள் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்ட முடியும். எழுத்தைப் பெரிதாக்குவதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

மவுஸ் விஷயம் இன்னும் எளிது. விண்டோஸில் இரண்டு கிளிக்குக்கும் நடுவே அரை நொடிதான் வழக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள், மூட்டு வலி உள்ள விரலுக்கு அது போதாது. மவுஸ் அமைப்புகளில் அந்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அதுகூட வேண்டாம், ஒரே ஒரு கிளிக் செய்து கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு என்டர் விசையை அழுத்துங்கள், திறந்துவிடும். டபுள் கிளிக்கே செய்யாமல் வருடக்கணக்கில் கணினி பயன்படுத்துகிறவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். இணையப் பக்கத்தில் எழுத்து சிறிதாக இருந்தால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியை அழுத்துங்கள்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறேன். வார இறுதியில் மூத்தவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மணி நேரத்தில் நான் திட்டமிட்டதில் கால்வாசிகூட முடிவதில்லை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிறார்கள், நடுவில் பழைய கதைகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குப் பொறுமை இல்லையா, அல்லது நான் சொல்லிக்கொடுப்பது தப்பா?

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய விஷயம். உங்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

முதல் விதி, அவர்கள் மவுஸை நீங்கள் தொடக் கூடாது. எத்தனை அவசரமாக இருந்தாலும், அவர்களே "நீயே பண்ணிடுப்பா" என்று கெஞ்சினாலும் கூடாது. நான் ஆரம்பித்த புதிதில் இந்தத் தப்பை நிறையச் செய்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, கோப்புறைக்குப் பெயர் மாற்றத் தெரியாமல் திணறினார். நான் பக்கவாட்டில் குனிந்து, அவர் கைமேலிருந்து மவுஸை வாங்கி, இரண்டு நொடியில் மாற்றிவிட்டு "இவ்வளவுதான் டீச்சர்" என்றேன். அவர் "ஓ, சரி" என்றார். அடுத்த முறை பெயர் மாற்ற வேண்டி வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். முப்பது வருடம் வகுப்பை ஆண்ட ஒருவர் அப்படிக் கையை மடியில் வைத்திருந்ததைப் பார்த்ததும்தான் நான் அவரிடமிருந்து வாங்கியது மவுஸை மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன், நிஜமாகவே. வாயால் மட்டும் சொல்வேன். நேரம் ஆகும், ஆகட்டும்.

அதே ஆசிரியையிடமிருந்துதான் இன்னொன்றும் கற்றேன். "இவ்வளவுதான்", "ரொம்ப சுலபம்" என்ற வார்த்தைகளை வகுப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். சுலபம் என்று நீங்கள் சொன்ன பிறகும் அவருக்கு வரவில்லை என்றால் அவர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்?

அப்புறம், முதல் வகுப்பில் கணினியின் பாகங்களைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். முதல் பாடம் கன்ட்ரோலும் இசட்டும். ஏதாவது நாலு வரி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொல்லுங்கள். திரை வெள்ளையாகும்போது வகுப்பே மூச்சைப் பிடிக்கும். உடனே கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இசட்டை அழுத்தச் சொல்லுங்கள். போனது அப்படியே திரும்பி வரும். "எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ" என்பதுதான் இந்த வயதில் மிகப் பெரிய தடை, அது சும்மா வந்ததும் இல்லை. அவர்கள் வாழ்நாளில் கையாண்ட இயந்திரங்களில் தவறான பொத்தானை அழுத்தினால் நிஜமாகவே ஏதாவது உடைந்தது, கருகியது, கை போனது. செய்ததைத் திரும்பப் பெறலாம் என்பது அவர்களுக்குப் புதிய சேதி. நாங்கள் அழிப்பதையும் மீட்பதையும் அரை மணி நேரம் விளையாட்டாகவே செய்வோம்.

"ஏன்" என்று கேட்கிறார்கள் என்றீர்களே, அதைத் தடங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு "இதை அழுத்து" என்றால் அழுத்திவிடுவார்கள், காரணம் தேவையில்லை. வயதானவர்களுக்குக் காரணம்தான் கொக்கி, அதில்தான் மற்றதெல்லாம் மாட்டும். "சேமிக்க ஏன் தனியாகச் சொல்ல வேண்டும், அதுதான் திரையில் இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டார். எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, அது கரும்பலகை மாதிரி, மின்சாரம் போனால் துடைத்துவிட்டது போல ஆகிவிடும், சேமிப்பது என்றால் கரும்பலகையில் உள்ளதை நோட்டில் எழுதிக்கொள்வது என்றேன். அவர் உடனே, "அப்போ நடுநடுவே எழுதிக்கணும், கடைசியில மட்டும் இல்ல" என்றார். நான் சொல்லாததை அவரே கண்டுபிடித்தார். வரிசையாகப் படிகளைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. சில செயலிகள் இப்போது தானாகவே சேமித்துக்கொள்கின்றன என்று அடுத்த வாரம் சொன்னபோது, அவர் அதையும் கேள்வி கேட்டார், "நோட்டை யாரு வெச்சிருக்கா?" என்று. நம் கோப்புகளை இணையம் வழியாக வேறொருவரின் கணினியில் வைத்திருக்கும் மேகக் கணிமைக்கு அதைவிடச் சுருக்கமான அறிமுகத்தை நான் கேட்டதில்லை.

பழைய கதைகளையும் முழுக்க வெட்டாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தில் கால்வாசி முடிகிறது என்றால் திட்டம்தான் நாலு மடங்கு பெரிது.

கேள்வி: நான் பள்ளிப் படிப்பை முடித்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது அறிவியல் வகுப்பில் சேர ஆசை. நான் படித்த அறிவியல் எல்லாம் மாறிவிட்டதாமே? பழையதை மறந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

மறக்கவே வேண்டாம் ஐயா! நியூட்டனின் விதிகள், நெம்புகோல், ஒளிவிலகல், அமிலம்–காரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேலே நிறையக் கட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் சுவரை இடித்தும் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்பது கோள்கள் என்று படித்திருப்பீர்கள், 2006-ல் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகை மாற்றிவிட்டார்கள். சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாக 1995-ல் கண்டுபிடித்தார்கள், இப்போது அப்படி ஆயிரக்கணக்கில் தெரியும். கண்டங்கள் நகர்கின்றன என்பதை ஆல்ஃபிரட் வெஜெனர் 1912-லேயே சொன்னார், புவியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது 1960-களில்தான், அது பள்ளிப் புத்தகத்துக்கு வந்து சேர இன்னும் காலம் பிடித்தது, அதனால் உங்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க வாய்ப்புக் குறைவு. டைனோசர்கள் அழிந்ததற்கு விண்கல் மோதல் காரணம் என்ற வாதம் 1980-ல் வந்தது. மனித செல்லில் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 48 என்றுதான் முப்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள், 1956-ல் சரியாக எண்ணிப் பார்த்து 46 என்றார்கள். எண்ணுவதில்கூடத் தப்பு நடந்திருக்கிறது, அதை அவர்களே திருத்தியும் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வயிற்றுப்புண் கதை. மன அழுத்தத்தாலும் அமிலம் கூடுவதாலும் வருகிறது என்றுதான் மருத்துவ உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1980-களின் தொடக்கத்தில், பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றார்கள். யாரும் லேசில் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், தன் இளமையில் வருடக்கணக்கில் "கவலைப்படாதே, கவலைப்படாதே" என்று மட்டுமே வைத்தியம் பார்த்த கதையைச் சொல்வார். பாடப்புத்தகத்தில் எது மாறியது என்பதை உடம்பால் அறிந்தவர்கள் நீங்கள், சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இது கிடைக்காது. தைரியமாகச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் மூத்தோர் மன்றத்தில் அறிவியல் வகுப்பு தொடங்க நினைக்கிறோம். ஆய்வகம் கிடையாது, கருவிகள் கிடையாது. வெறும் பேச்சாக இருந்தால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். என்ன செய்யலாம்?

ஒரு தடிமனான அட்டை, ஒரு ஊசி, ஒரு வெள்ளைத்தாள், ஒரு அளவு நாடா. இவை போதும், சூரியனையே அளந்துவிடலாம்.

மாலை வெயில் நேராக விழுகிற ஜன்னலை அட்டையால் மூடி, நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு துளை போடுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். துளையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ஒளிக்கற்றை நேராக விழும்படி வெள்ளைத்தாளைப் பிடித்தால் ஒரு சின்ன வட்டம் விழும். அது துளையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். எங்கள் வகுப்பில் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை, துளை வட்டமாக இருக்கிறது, அதனால் வெளிச்சமும் வட்டம் என்றார். சரி என்று இன்னொரு அட்டையில் சின்ன முக்கோணத் துளை வெட்டி வைத்தோம். அப்போதும் வட்டம்தான் விழுந்தது. அவர் எழுந்து வந்து துளையைத் தடவிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி துளையைத் தடவினார். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுகிற வெளிச்சம் ஏன் வட்ட வட்டமாக இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தும் யோசித்ததில்லையே என்றார்.

தையல் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாதான் அளந்தார். 28 மில்லிமீட்டர். தூரம் 3,000 மில்லிமீட்டர், 28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 107. அப்படியென்றால் சூரியன் நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தில் 107-ல் ஒரு பங்கு அதன் விட்டம். தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர், எனவே விட்டம் 14 லட்சம் கிலோமீட்டர். உண்மையான அளவு ஏறத்தாழ 13 லட்சத்து 90 ஆயிரம்! தன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே "இதையும் அளந்தாச்சு" என்றார்.

அதைவிடப் பெரிய விஷயம் அப்புறம்தான் நடந்தது. வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம். பேசிக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் வெளிச்சம் கோட்டைவிட்டு முழுசாக நகர்ந்து பக்கத்தில் நின்றது. யாரோ அட்டையைத் தட்டிவிட்டார்கள் என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். யாரும் தட்டவில்லை. பூமி சுழன்றிருக்கிறது. அந்த அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

ஒரே எச்சரிக்கை: துளை வழியாகவோ வேறு எப்படியோ சூரியனை நேராகக் கண்ணால் பார்க்கவே கூடாது, தாளைத்தான் பார்க்க வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர்கள் இருப்பார்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எழுபது வயதில் புரோகிராமிங் கற்க முடியுமா? என் மகன் "எதற்கு இந்த வேண்டாத வேலை" என்கிறான்.

மசாகோ வகாமியா என்ற ஜப்பானியப் பெண்மணி 1935-ல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். அறுபது வயதை ஒட்டித்தான் முதல் கணினியே வாங்கினார். மூத்தவர்கள் ரசித்து ஆடக்கூடிய போன் விளையாட்டு இல்லையே என்ற குறையில் ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, 2017-ல், 81 வயதில், பொம்மைகளைச் சரியான இடத்தில் அடுக்குகிற ஒரு விளையாட்டை ஐபோனுக்காக வெளியிட்டார். ஆப்பிள் நிறுவனம் அந்த வருட மாநாட்டுக்கு அவரை அழைத்தது. எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று இல்லை, ஆனால் உங்கள் மகனிடம் இதைச் சொல்லலாம்.

ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து 2007-ல் வந்தது, இலவசம். குழந்தைகளுக்காக உருவாக்கியதுதான், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் ஓடும், எழுத்துப்பிழை பயம் கிடையாது. அதற்கு முன்னால், கணினி எண்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைக் கணினியே இல்லாமல் பழகுங்கள். ஏழு அட்டைகளில் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதிக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தினால் 'இருக்கிறது', கவிழ்த்தால் 'இல்லை'. உங்கள் வயது எழுபது என்றால் 64-ஐயும் 4-ஐயும் 2-ஐயும் நிமிர்த்த வேண்டும். ஏழு அட்டையில் 127 வரை எந்த எண்ணும் வரும், அதுவும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வழியில்தான் வரும். ஏன் ஒரே வழி என்று யோசிக்கத் தொடங்கினால் அன்றைய பொழுது போய்விடும்.

கேள்வி: இந்த வகுப்புகளுக்குப் பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டா? முன்தகுதி வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. ஓய்வுபெற்றவர்களுக்கான 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்ற ஏற்பாடு 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கியது. அங்கே அது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோது வேறு வடிவம் எடுத்தது, பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தருவார், அடுத்த வாரம் இடம் மாறி உட்காருவார்கள். எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடிக்கும். பட்டமே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே முன்தகுதி கேட்கவில்லை, பிற்பாடு பல நாடுகளிலும் அதே மாதிரி வந்துவிட்டது.

கேள்வி: ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து என் மகள் எனக்கு இணையமே வேண்டாம் என்கிறாள். வகுப்பில் சேர்ந்தால் ஆபத்து கூடுமா?

தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம் அம்மா. போன் கையில் இருக்கிறவரை ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடத்தான் செய்வார்கள். அவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்று, அவசரப்படுத்துவது. "இப்போதே", "பத்து நிமிடத்துக்குள்", "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற சொற்கள் காதில் விழுந்ததும் போனை வைத்துவிடுங்கள். பிறகு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், அவர்கள் கொடுத்த எண்ணுக்கு வேண்டாம். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது, வங்கியில் வேலை செய்கிறேன் என்று சொல்கிறவருக்கும் சேர்த்துத்தான். பாஸ்வேர்டுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறாக. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதில் தப்பே இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கிற திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது.

கேள்வி: பாடத்தில் சந்தேகம் வந்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கலாமா? திட்டாமல் பதில் சொல்கின்றனவே!

கேளுங்கள், நூறு முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது என்பது நம் வயதில் பெரிய ஆறுதல். ஆனால் முதல் நாள் உங்களுக்குத் தெரியாததைக் கேட்காதீர்கள். நீங்கள் நாற்பது வருடம் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். நல்ல பதில்களும் வரும், நடுவில் தடுமாறாமல், அழுத்தம் திருத்தமாக ஒரு தப்பும் வரலாம். அது உங்கள் துறை என்பதால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். வாக்கியம் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் குரோமோசோம் பற்றிக் கேட்கும்போதும் அதே குரலில்தான் பதில் வரும். உடல்நலம், பணம் இரண்டிலும் அதன் பேச்சை மட்டும் வைத்து எதையும் செய்ய வேண்டாம்.

கேள்வி: என் மனைவி கணினி வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் பயிற்சி செய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன். உதவ உதவக் கோபம்தான் வருகிறது அவளுக்கு. நான் என்ன தப்பு செய்கிறேன்?

ஐயா, அடுத்த அறைக்குப் போய் உட்காருங்கள். அவர் கூப்பிட்டால் போங்கள். போனால் என்ன பிரச்சினை என்று அவர் முழுசாகச் சொல்லி முடிக்கிற வரை திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். பாதி நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விடை கிடைத்துவிடும், "சரி சரி, வந்துடுச்சு, நீங்க போங்க" என்பார். அப்படிச் சொல்லாத நாளில் வாயால் வழி சொல்லுங்கள், கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.